ஏழாம் நீதிபதி எழுந்து போன காரணம்

இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்றபடி டெல்மர் ஹாஸ்கெட் கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கோரைப்புல் மூக்கைக் குடைந்தது. தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. தும்மினால் எல்லாம் போச்சு.

கல்லெறி தூரத்தில் ஒரு வெள்ளைப் படகு. அதன் பக்கவாட்டில் ஆளுயர எழுத்தில் 'கிரெல்மன் கிடங்குகள்' என்று எழுதியிருந்தது. மேல்தட்டில் நான்கு பேர். அவர்களில் மூவர் எங்கள் மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள். நடுவிலிருந்த கனத்த மனிதர், தலைமை நீதிபதி பிராக்வே, வளைந்த தூண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வலையை விரித்துப் பிடித்து, "அப்படித்தான் சார், விட்றாதீங்க சார்" என்று தெம்பு கொடுத்துக்கொண்டிருந்தவர் கிரெல்மன் கம்பெனியின் முதலாளி.

அந்தக் கம்பெனியோடுதான் டெல்மருக்கு வழக்கு. வழக்கு இருந்தது அந்த நீதிபதிகளிடம்தான்.

மீன் துள்ளி மேலே வந்தது. நான்கு பேரும் ஒரே சட்டகத்தில் சிரித்தார்கள். டெல்மர் அழுத்தினார். அதே நொடியில் தும்மலும் வந்தது.

"என்னய்யா சத்தம்?" பிராக்வே திரும்பினார்.

"வாத்து சார்."

"வாத்து தும்முமா?"

"இந்த ஏரியில தும்மும் சார்."

தலைமை நீதிபதி திருப்தியடைந்தார். கிரெல்மன் தரப்பு சொல்வதை மேற்கொண்டு ஆதாரம் கேட்காமல் ஏற்பது அவர் வழக்கம்.

டெல்மர் சேற்றில் ஒரு பூட்ஸை விட்டுவிட்டு ஓடினார். மரங்களுக்குப் பின்னால், எஞ்சினை அணைக்காமல், பழைய பிக்கப் வண்டியில் அவர் மனைவி வர்னா காத்திருந்தாள்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. மூணு பேரும். மீனோட."

"பூட்ஸ் எங்க?"

"ஏரியில."

"போன மாசம் வாங்கினது, டெல்மர்."

"கடையே போகப் போகுது, நீ பூட்ஸப் பத்திப் பேசறியா?"

வர்னா கியரைப் போட்டாள். "கடையக் கேட்டாங்க. பூட்ஸ யாரு கேட்டா?"

*

கடை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். இரண்டு நெடுஞ்சாலைகள் கூடும் முக்கு, தகரக் கூரை, ஒரு நீள மேடை, அதன் முன்னால் வரிசையாக ஸ்டூல்கள். முட்டை, பன்றி இறைச்சி, சூப், காபி. இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். லாரிக்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டு இங்கே வந்தது வர்னாவின் சினமன் ரோலுக்காக. பட்டைப்பொடி போட்ட, உள்ளங்கையைவிடப் பெரிய ரொட்டிச் சுருள், மேலே வழியும் சர்க்கரைப் பாகு. அன்றன்று போட்டது அன்றன்று விற்க வேண்டும், மறுநாளைக்குக் கிடையாது என்பது அவள் பிடிவாதம். மீந்தது தகர வாளிக்குப் போகும், வாளி பக்கத்துப் பண்ணைப் பன்றிகளுக்குப் போகும். "அந்தப் பன்னிங்க என்னைவிட நல்லா சாப்பிடுது" என்பார் டெல்மர்.

கிரெல்மன் கம்பெனி சுற்றுவட்டாரத்தை வாங்கிக் கிடங்கு கட்டியது. லாரி நிறுத்த இடம் போதவில்லை. கடை இருக்கும் முக்கைக் கேட்டார்கள். வர்னா மாட்டேன் என்றாள். நகர சபை கூடி, அந்த இடம் பொதுப் பயன்பாட்டுக்குத் தேவை என்று தீர்மானம் போட்டது. பொதுப் பயன்பாடு என்றால் எங்கள் ஊரில் யார் வீட்டையும் எடுக்கலாம்.

டெல்மர் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டு நீதிபதி நிதானமாக ஆராய்ந்து தீர்ப்பளித்தார்: லாரி ஓட்டுநர்களும் பொதுமக்களே. அவர்கள் லாரியை நிறுத்துவது பொதுப் பயன்பாடே. கம்பெனிக்கு லாபம் வருவது தற்செயல். லாரியை நிறுத்திவிட்டு அவர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்ற கேள்வி இந்த நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை.

மிச்சமிருந்த ஒரே படி, உச்ச நீதிமன்றம். ஏழு நீதிபதிகள். அங்கே தோற்றால் மண்ணள்ளும் இயந்திரம் வந்துவிடும்.

*

டெல்மரின் வக்கீல் ஆர்லோ டிபெட்ஸ். இரும்புக் கடை மாடியில் அலுவலகம். பெரும்பாலும் உயில் எழுதுபவர். அவருடைய கட்சிக்காரர்களில் பாதிப்பேர் செத்துப்போனவர்கள். குறுக்கே பேசாதவர்களிடம் பழகியவர் என்பதால் டெல்மரிடம் சற்றுத் திணறினார்.

"போட்டோ நல்லா வந்திருக்கு," என்றார். "நல்ல மீனு."

"இத வெச்சு இந்த மூணு பேரையும் விலக்கிடலாம் இல்ல?"

"மனு போடலாம். நீதிபதி ஒரு பக்கமாச் சாயறாரு, அவரு இந்த வழக்குல உக்காரக் கூடாதுன்னு."

"அத யாரு முடிவு பண்ணுவாங்க?"

"நீதிபதிதான்."

"எந்த நீதிபதி?"

"யாரு மேல மனு போடறமோ அவரு."

கீழே கடையில் யாரோ ஆணி எடை போடும் சத்தம் கேட்டது.

"நான் சாயறனான்னு அவரே அவரக் கேட்டு, அவரே சொல்வாரா?"

"அவரப் பத்தி அவரவிட வேற யாருக்குய்யா நல்லாத் தெரியும்?"

"வேலிக்கு ஓணான் சாட்சின்னு ஆயிடுச்சே, ஆர்லோ."

"இங்க வேலியே ஓணான்தான்." டிபெட்ஸ் மனுவில் கையெழுத்திட்டார். "நம்பிக்கைய விடாத. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல."

"யாருக்கு?"

டிபெட்ஸ் படத்திலிருந்த மீனை மறுபடி பார்த்தார்.

*

சுயவிசாரணை நாளன்று மன்றம் நிரம்பியிருந்தது. வட்டக் கூரையின் உட்புறம் கண்ணைக் கட்டிக்கொண்ட நீதி தேவதையின் ஓவியம். கூரை ஒழுகி, தேவதையின் ஒரு கண்ணில் சாயம் உதிர்ந்திருந்தது. அந்தக் கண்ணால் அவள் கிரெல்மன் கம்பெனி வக்கீல்கள் உட்காரும் பக்கத்தைப் பார்ப்பது போல டெல்மருக்குத் தோன்றியது.

அனைவரும் எழுந்தோம். ஏழு கறுப்பு அங்கிகள் உள்ளே வந்தன. அனைவரும் உட்கார்ந்தோம்.

முதலில் தலைமை நீதிபதி பிராக்வே. மேடையிலிருந்து இறங்கினார். அங்கியைக் கழற்றிச் சேவகரிடம் கொடுத்தார். சாட்சிக் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்து வைக்க ஆள் வேண்டுமே. கூண்டிலிருந்து இறங்கி, அங்கியைப் போட்டுக்கொண்டு மேடையேறினார்.

"திரு. பிராக்வே அவர்களே, உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்கிறீர்களா?"

இறங்கினார். அங்கி போனது. கூண்டு.

"செய்யறேங்கய்யா."

ஏறினார். அங்கி வந்தது.

"கிரெல்மன் கம்பெனியின் படகில் நீங்கள் மீன் பிடித்தது உண்மையா?"

இறங்கினார்.

"உண்மைதாங்கய்யா."

"அது அந்தக் கம்பெனியின் படகு என்று உங்களுக்குத் தெரியுமா?"

"எழுத்து படகோட வெளிப்பக்கம் இருந்துதுங்க. நான் உள்பக்கம் இருந்தேன்."

மேடைக்குப் போய் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

"அந்த மீன் உங்கள் மனதை எவ்விதத்திலாவது மாற்றியதா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. சேவகர் கூண்டருகில் ஒரு நாற்காலி போட்டார்.

"இல்லீங்கய்யா. கம்பெனி மேல முன்னாடி என்ன எண்ணமோ பின்னாடியும் அதே எண்ணந்தான்."

அது என்ன எண்ணம் என்று மேடை கேட்கவில்லை. தனிமனிதரின் அந்தரங்கத்தை எங்கள் நீதிமன்றம் மதிக்கும்.

டிபெட்ஸ் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, சாட்சியிடம் ஒரே ஒரு குறுக்குக் கேள்வி."

"குறுக்குக் கேள்விகளை நானே கேட்டுவிட்டேன்," என்றார் பிராக்வே. "மனதுக்குள். கடுமையாகவே கேட்டேன். ஒரு கட்டத்தில் சாட்சி கலங்கிப்போனார். இந்தச் சாட்சியை எனக்குச் சிறுவயது முதல் தெரியும். பொய் சொல்கிறவர் அல்ல. மனு தள்ளுபடி."

அடுத்து நீதிபதி ஆல்டஸ். அந்த அம்மாளின் கணவர் கிரெல்மன் கம்பெனியில் துணைத் தலைவர். ஆல்டஸ் இறங்கி ஏறும் வேகம் பிராக்வேயைவிட அதிகம். தினமும் ஓட்டப் பயிற்சி செய்பவர்.

"வழக்கைப் பற்றி வீட்டில் கணவரோடு பேசியதுண்டா?"

"வீட்டுல நாங்க வேல விஷயம் பேசறதே இல்லீங்க."

"வேறு என்ன பேசுவீர்கள்?"

கூண்டில் நின்ற ஆல்டஸ் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "யோசிச்சுப் பாத்தா, ஒண்ணும் பேசறதில்லீங்க. அவரு மாடியில இருக்காரு. நான் கீழ இருக்கேன்."

பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தார். "அது உண்மைதாங்க," என்றார். கணவர். அந்த அம்மாள் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் குரல் மாறிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தவர் போலிருந்தது. மனு தள்ளுபடி.

மூன்றாவது நீதிபதி பென்ஹாலோ. எங்கள் மாநிலத்தில் நீதிபதிகள் தேர்தலில் நின்று வருகிறவர்கள். பென்ஹாலோவின் தேர்தல் தட்டிகள், தொலைக்காட்சி விளம்பரங்கள் எல்லாவற்றின் செலவையும் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. அதை அவர் மறைக்கவில்லை.

"ஏன் குடுத்தாங்கன்னு அவங்க சொல்லல, நான் கேக்கவும் இல்ல," என்றார் கூண்டிலிருந்து. "காரணமே தெரியாத உதவிக்கு ஒருத்தன் எப்படிங்க நன்றியோட இருக்க முடியும்?"

மேடையேறியதும் அந்த வாதத்தின் நேர்த்தியில் தானே ஒரு கணம் லயித்தார். தள்ளுபடி.

டெல்மர் வர்னாவின் பக்கம் சாய்ந்தார். "இன்னும் நாலு பேரு இருக்காங்க. அந்த நாலும் நம்ம பக்கம் விழுந்தா போதும்."

அப்போதுதான் அது நடந்தது.

கடைசி நாற்காலியில் ஓர் ஒல்லி மனிதர். நீதிபதி எமெட் தோர்வால்ட். ஓய்வுக்குக் கொஞ்ச நாள் இருந்தவர். அவர்மேல் யாரும் மனுப் போடவில்லை. அவர் காலையிலிருந்து வர்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்தால் குனிந்துகொண்டார்.

அவர் எழுந்தார். அங்கியைக் கழற்றினார். கைக்குட்டை மடிப்பது போல மடித்து நாற்காலிமேல் வைத்தார்.

"இந்த வழக்குலேர்ந்து நான் விலகிக்கறேன்."

மற்ற ஆறு பேரும் அவரை விநோதமாகப் பார்த்தார்கள். "காரணம் சொல்ல வேண்டியதில்லை," என்றார் பிராக்வே. "சொல்வது வழக்கமும் அல்ல."

"சொல்லப் போறதில்ல," என்றார் தோர்வால்ட். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

*

"அவன்தான்," என்றார் டெல்மர், திரும்பும் வழியில். "அவன்தான் பெரிய ஆளு."

"எவன்?" வர்னா வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒல்லி. யோசிச்சுப் பாரு. மத்த மூணு பேரும் மீன் வாங்கினேன், பணம் வாங்கினேன், புருஷன் வாங்கறான்னு ஊரறியச் சொல்லிட்டு உக்காந்திருக்காங்க. வாயத் தொறந்து சொல்லவே முடியாத அளவுக்கு இவன் என்ன வாங்கியிருப்பான்?"

"உடம்புக்கு ஏதாவது இருக்கும்."

"ஒன்னப் பாத்தான், பாத்தியா? கண்ண எடுக்கல. குத்தம் பண்ணினவன் பார்வை அது."

"என்னைய நெறையப் பேரு பாப்பாங்க, டெல்மர்."

அந்தக் குளிர்காலம் முழுக்க டெல்மர் நீதிபதி தோர்வால்டைப் பின்தொடர்ந்தார். கண்டுபிடித்தவை ஒன்றைவிட ஒன்று பயங்கரமாக இருந்தன.

தோர்வால்டின் கார் துருப்பிடித்தது. பணத்தைக் காரில் போடவில்லை என்று அர்த்தம். கோட்டின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. வேண்டுமென்றே போட்ட ஒட்டு. வீட்டுக் கூரையில் ஓடு பெயர்ந்திருந்தது. அதற்குக் கீழே எதையோ ஒளித்திருக்க வேண்டும். மளிகை அங்காடியில் டெல்மர் டப்பாக்களுக்குப் பின்னால் பதுங்கியிருந்தபோது, ஒரு பெண் குச்சியில் குத்திய சீஸ் துண்டை நீட்டி, "சும்மா ருசி பாருங்க ஐயா" என்றாள். தோர்வால்ட் பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்கி, தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

"இனாமாக் குடுத்த சீஸ வேணாம்னுட்டான்," என்று டெல்மர் வீட்டில் வந்து சொன்னார்.

"பிடிக்காது போல."

"சீஸ் பிடிக்காதவன் நம்ம மாநிலத்துல எவன் இருக்கான்? இவ்வளவு சுத்தமா இருக்கறவன் எவ்வளவு அழுக்க மறைக்கணும், சொல்லு."

வர்னா மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். "நெஜமாவே நல்ல மனுஷனா இருந்தா?"

"நல்ல மனுஷனா இருந்தா நமக்குல்ல ஓட்டுப் போட்டிருப்பான்?"

வர்னா மாவைப் புரட்டிப் போட்டாள்.

*

பனி உருகும் சமயத்தில் தீர்ப்பு வந்தது. பிராக்வே, ஆல்டஸ், பென்ஹாலோ மூவரும் கம்பெனி பக்கம். மற்ற மூவரும் டெல்மர் பக்கம். அந்த மூவரில் ஒருவர் சட்டத்தைப் படித்திருந்தார். இன்னொருவர் அவர் சொன்னதை நம்பினார். மூன்றாமவர், கார் நிறுத்தும் இடத் தகராறிலிருந்து, பிராக்வே எதைச் சொன்னாலும் எதிராக ஓட்டுப் போடுபவர்.

"மூணுக்கு மூணு," என்றார் டெல்மர். "அப்ப யாரு ஜெயிச்சா?"

"யாரும் ஜெயிக்கல," என்றார் டிபெட்ஸ். "அதனால கம்பெனி ஜெயிச்சுது."

"எப்படி?"

"சரிசமமா வந்தா கீழ்க்கோர்ட்டு சொன்னதே நிக்கும். அதான் முறை."

"ஏழாவது ஆளுக்குப் பதிலா இன்னொருத்தர உக்கார வெக்கக் கூடாதா?"

"பக்கத்து மாநிலத்துல அப்படித்தான் செய்யறாங்க. நமக்குத்தான் பக்கத்து மாநிலத்தப் பிடிக்காதே."

"அப்ப அந்த ஒல்லி எழுந்து போகாம இருந்திருந்தா?"

டிபெட்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு எந்தப் பக்கம் போட்டிருப்பாரோ."

மண்ணள்ளும் இயந்திரம் ஒரு காலை வேளையில் வந்தது. தகரக் கூரை காகிதம் மாதிரி மடிந்தது. வர்னா ரோல் சுடும் தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். கம்பெனி அந்த இடத்தில் தார் போட்டுக் கோடு கிழித்தது. லாரிகள் அங்கே நிற்கவே இல்லை. நின்று சாப்பிட அங்கே ஒன்றும் இல்லாததால் ஓட்டுநர்கள் பழைய வழிக்கே மாறிவிட்டார்கள். இப்போதும் அந்த வெறும் தரையில் ஒரு பலகை நிற்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும்.

வர்னா தலைநகரில் விருந்துகளுக்குச் சாப்பாடு வழங்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். டெல்மர் அவர்களுடைய வேனை ஓட்டினார். ஆள் குறையும் நாளில் வெள்ளைக் கோட்டு மாட்டித் தட்டும் ஏந்துவார்.

*

எங்கள் மாநிலத்தில் எழுபது நிறைந்தால் நீதிபதிகள் வீட்டுக்குப் போக வேண்டும். இலையுதிர் காலத்தில் தோர்வால்டுக்கு எழுபது நிறைந்தது. வட்டக் கூரையின் கீழே பிரிவுபசார விழா. 'நீதி மேடையில் ஒரு வாழ்க்கை: நினைவுகளும் கேள்விகளும்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். சாப்பாடு வர்னாவின் நிறுவனம்.

"இன்னிக்குக் கேட்டுடறேன்," என்றார் டெல்மர் வெள்ளைக் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி. "எல்லார் முன்னாடியும். என்னய்யா வாங்கினேன்னு. மூஞ்சிக்கு நேரா."

"கேளு. தட்டக் கீழ போடாமக் கேளு," என்றாள் வர்னா.

முதலில் பிராக்வே பேசினார்.

"தோர்வால்ட் எங்கள் நடுவே இருபது ஆண்டுகள் இருந்தார். ஒரு முறைகூட எங்களோடு படகில் வந்ததில்லை. வேட்டைக்கு வந்ததில்லை. எங்கள் விருந்துகளில் தன் சாப்பாட்டைத் தானே கட்டி எடுத்து வந்தார். இருந்தும் நாங்கள் அவரை வெறுத்ததில்லை. நீதிபதிகள் என்பதால் எங்களுக்கு யார்மேலும் வெறுப்புக் கிடையாது. சாய்வும் கிடையாது. இதை நாங்களே பலமுறை விசாரித்து உறுதிசெய்திருக்கிறோம்."

கைதட்டல். ஓவியத்தின் திரையை விலக்கினார்கள். மாநில உச்ச நீதிமன்ற ஓவியங்கள் எல்லாவற்றையும்போல இதிலும் ஒரு கை தடித்த புத்தகத்தின்மேல் இருந்தது. புத்தகம் மூடியிருந்தது.

பிறகு தோர்வால்ட் எழுந்தார். மெலிந்த குரல். தாளில் எழுதி வைத்திருக்கவில்லை.

"கிராமக் கோர்ட்டுல ஆடு திருடினவனுக்குத் தண்டனை குடுத்து ஆரம்பிச்சவன் நான். முதல் பத்து வருஷம் வக்கீலுங்க பேசறதக் கேட்டேன். அடுத்த பத்து வருஷம் கேக்கற மாதிரி உக்காரக் கத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுல உறுதியா இருந்தேன். யார்கிட்டயும் எதையும் இனாமா வாங்கினதில்ல. என் மனைவி செத்தப்ப வக்கீலுங்க அனுப்பின மலர் வளையத்தத் திருப்பி அனுப்பினேன். ஒரு வளையம் மட்டும் யார் அனுப்பினதுன்னு தெரியல. அது எந்த ஊருலேர்ந்து வந்துதோ அந்த ஊருல இருந்த எல்லார் வழக்குலேர்ந்தும் விலகிட்டேன்."

பென்ஹாலோ குனிந்து காலணியைப் பார்த்தார்.

"கேள்விகள்?" என்றார் பிராக்வே.

டெல்மர் தட்டோடு முன்னால் போனார். தட்டில் குட்டி ரொட்டிகள் தாளம் போட்டன.

"கிரெல்மன் வழக்குல நீங்க ஏன் எழுந்து போனீங்க?"

மன்றம் திரும்பிப் பார்த்தது. பிராக்வேயின் முகம் சிவந்தது. "பரிமாற வந்தவர் பரிமாறினால் போதும். உச்ச நீதிமன்றத்தில் விலகியதற்குக் காரணம் கேட்பது வழக்கமல்ல."

"நான் இப்ப நீதிபதி இல்லையே," என்றார் தோர்வால்ட். அவர் டெல்மரை அடையாளம் காணவில்லை. வெள்ளைக் கோட்டைத்தான் பார்த்தார். "கேட்டதும் நல்லதாப் போச்சு. என் வாழ்க்கையிலேயே நான் பெருமைப்படற ஒரே தீர்ப்பு, நான் குடுக்காத அந்தத் தீர்ப்புத்தான்."

டெல்மர் தட்டை இறுக்கிப் பிடித்தார்.

"பல வருஷத்துக்கு முன்னாடி, பனிப்புயல்ல என் கார் பள்ளத்துல சறுக்கிடுச்சு. சாயங்காலம். நடந்து போனேன். முக்குல ஒரு சாப்பாட்டுக் கடை. விளக்க அணைச்சுட்டாங்க. தட்டினேன். ஒரு அம்மா தொறந்தாங்க. நான் யாருன்னு கேக்கல. ஒரு சினமன் ரோல எடுத்து, வெண்ணெய் போட்டு, கல்லுல சூடு பண்ணிக் குடுத்தாங்க. நான் காச எடுத்தேன். 'இதுக்குக் காசு வாங்க மாட்டேன்'னுட்டாங்க. எவ்வளவோ கெஞ்சினேன். வாங்கவே இல்ல. கைவெச்சுத் தள்ளிட்டாங்க."

அவர் நிறுத்திக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். தன் சொந்த பாட்டிலிலிருந்து.

"என் வாழ்க்கையில நான் வாங்கின ஒரே இனாம் அது. அந்த வழக்கு வந்தப்ப, கோர்ட்டுல அந்த அம்மா முகத்தப் பாத்தேன். அவங்க பக்கம்தான் நியாயம். படிச்ச உடனே தெரிஞ்சுது. சந்தேகமே இல்ல. ஆனா எனக்குத் தெரியறது நியாயமா, ரோலான்னு என்னால பிரிச்சுப் பாக்க முடியல. அதனால எழுந்தேன்."

முதலில் எழுந்தவர் ஆல்டஸ். பிறகு மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. பென்ஹாலோ கண்ணைத் துடைத்தார். பிராக்வே தோர்வால்டைக் கட்டிக்கொண்டு, "இந்த மன்றத்தின் நேர்மைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்" என்றார்.

டெல்மர் தட்டோடு இன்னும் ஓர் அடி முன்னால் போனார். "அந்தக் கடை என்னாச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது," என்றார் தோர்வால்ட் கைதட்டலுக்கு நடுவே. "விலகினவன் தீர்ப்பப் படிக்கறது முறையில்ல. ஆனா கட்டாயம் ஜெயிச்சிருப்பாங்க. என் ஓட்டே தேவப்படாத வழக்கு அது."

டெல்மர் வாயைத் திறந்தார். அதற்குள் ஓவியத்தோடு நின்று படமெடுக்க தோர்வால்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

*

கூட்டத்தின் பின்கோடியில், தூண் மறைவில், வர்னா காலித் தட்டிலிருந்து காய்ந்த பாகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா அவன் சொன்னத?" டெல்மர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேட்டுது."

"ஞாபகம் இருக்கா?"

"இப்பத்தான் வருது. நடுங்கிட்டு நின்னான், பாவம். ரோல் சுடற அடுப்ப அணைச்சிட்டேன். பசிக்குதுன்னான்."

"ஒரு ரோலு, வர்னா. ஒரே ஒரு ரோலு. காசு வாங்கியிருந்தா அந்தாளு உக்காந்திருப்பான். நாலுக்கு மூணு. கடை இருந்திருக்கும். பல்ல விளக்காத லாரிக்காரன்கிட்டயே சண்ட போட்டுக் காசு வாங்கறவ நீ. அவன்கிட்ட மட்டும் ஏன் இனாமாக் குடுத்த?"

"இனாமாவா? யாரு குடுத்தா இனாமா?"

வர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கம், விளக்கு வெளிச்சத்தில், நீதிபதி தோர்வால்ட் தன் ஓவியத்தின் அருகில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"கடையில புதுசு ஒண்ணும் இல்ல, டெல்மர். வாளியில மேலாக் கிடந்தத எடுத்துச் சூடு பண்ணினேன்," என்றாள். "பன்னிக்குப் போட்டதுக்கு எப்படிக் காசு வாங்கறது?"